தொலையாத சாவிக்கு ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. நான் சுகம். சுகம் என்று எழுதாமல் கடிதம் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை, அதனால் எழுதியிருக்கிறேன். இடது முழங்காலைக் கேட்டால் அது வேறு விதமாகச் சொல்லும். அங்கே தாங்களும் தங்கையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் அனுப்பிய தைலம் பத்திரமாக வந்து சேர்ந்தது. மூடியைத்தான் திறக்க முடியவில்லை. பூட்டுக் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தவனுக்கு ஒரு தைலப் புட்டியின் மூடி திறக்கவில்லை என்பதை வெளியில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

விஷயம் தங்கள் மகளைப் பற்றியது. உடனே பயந்துவிடாதீர்கள், பயப்படும்படி ஒன்றும் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. என் சிபாரிசில் எங்கள் பிரிவில் சேர்ந்து, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையோடு பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிகிறது. அவளை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பிரிவுத் தலைவன் என்ற முறையில் நான்தான் ஒரு படிவத்தை நிரப்பித் தர வேண்டும். படிவம் நாலு நாளாக என் மேசையில் கிடக்கிறது. பெயர், வயது, படிப்பு எல்லாம் எழுதிவிட்டேன். 'பணியில் ஈடுபாடு' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. சொந்தக்காரப் பெண் என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட எனக்கு மனசு வராது. அது தங்களுக்கும் தெரியும்.

அவள் ஐந்து மணிக்கு எழுந்து போய்விடுகிறாள், மச்சான்.

ஐந்து என்றால் ஐந்து, ஐந்தே கால் அல்ல. முதல் நாள் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். உடம்புக்கு ஏதோ என்று நினைத்து, "என்னம்மா, தலைவலியா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா, மணி அஞ்சாயிடுச்சு."

"ஆயிடுச்சு. அதுக்கு?"

"ஹாஸ்டலுக்குப் போறேன்."

நான் திரும்பி மேனேஜரின் மங்கல் கண்ணாடி அறையைப் பார்த்தேன். லைட் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் ஆபீசில் அந்த லைட் எரியும்வரை யாரும் எழுந்திருக்க மாட்டோம். அப்படி ஒரு விதி எந்தக் காகிதத்திலும் இல்லை, யாரும் யாருக்கும் சொன்னதும் இல்லை. நான் சேர்ந்த அன்று என் பக்கத்து மேசைக்காரர் உட்கார்ந்திருந்தார், நானும் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். மேனேஜர்கள் மாறினார்கள், லைட் மாறவில்லை. இப்போதிருப்பவர் வந்தே இருபத்தோரு வருடம் ஆகிறது. ஏழே காலுக்கு அணையும், சில நாள் ஏழரை. இதையெல்லாம் பாப்பாவுக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அஞ்சுல இருந்து ஏழே கால் வரைக்கும் நீங்க என்ன வேலை பண்ணுவீங்க மாமா?" என்றாள்.

இது ஒரு கேள்வியா? வேலை இல்லாமலா உட்கார்ந்திருப்பான் மனிதன்? கட்டி முடித்த கோப்புகளின் நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவேன். பென்சில் சீவுவேன். தேவையென்றால் முனையை உடைத்துவிட்டுச் சீவுவேன். ஏற்காத விண்ணப்பங்களுக்கு அனுப்பும் மறுப்புச் சீட்டுகளைக் கட்டாக வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்துப் போடுவேன். அனுப்புகைக் குமாஸ்தா தபால் தலைகளை ஒட்டின இடத்திலேயே இன்னொரு முறை அழுத்தி விடுவார். டைப்பிஸ்ட் அம்மாள் ஒரே கடிதத்தை இரண்டு தரம் அடித்து, எது நன்றாக இருக்கிறது என்று பார்ப்பார். இதற்குப் பெயர் ஈடுபாடு. சொன்னால் பாப்பாவுக்குச் சிரிப்பு வருகிறது.

சரி, அப்படித் தலைபோகிற காரியம் என்ன வைத்திருக்கிறாள் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அஞ்சு மணிக்குப் போய் என்னம்மா பண்றே?"

"நடப்பேன் மாமா."

"எங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா, பாலம் வரைக்கும். வெளிச்சம் போறதுக்குள்ள திரும்பிடுவேன்."

கேட்டீர்களா? ஒரு கல்யாணம், ஒரு பரீட்சை, ஒரு பல்வலி என்றாவது சொல்லக்கூடாதா? எங்கேயும் போகாமல் இருப்பதற்காக ஆபீஸை விட்டுப் போகிறவளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். விடுப்புக் கேட்டு எழுதினாலும் அப்படித்தான். காரணம் என்ற இடத்தில் 'ஓய்வு' என்று எழுதுகிறாள். நாங்கள் ஒரு நாள் விடுப்புக்கு இரண்டு பக்கம் எழுதுவோம், அதில் காய்ச்சலின் அளவு முதல் வைத்தியர் முகத்தைச் சுளித்தது வரை இருக்கும். மேனேஜர் அவள் எழுதின ஒற்றைச் சொல்லை இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

வேலையில் குறை சொல்ல முடியாது என்பதுதான் பெரிய குறை. எங்கள் பிரிவின் பெயர் தொலைந்த சாவிப் பிரிவு என்று தங்களுக்குத் தெரியும். எங்கள் கம்பெனிப் பூட்டுக்கு வெளியே எந்தச் சாவிக்காரரும் சாவி வெட்ட முடியாது. தொலைத்தவர்கள் பூட்டு எண்ணோடு எங்களுக்குத்தான் விண்ணப்பம் எழுத வேண்டும். நாங்கள் பதிவேட்டில் சரிபார்த்து, பட்டறையில் வெட்டி, தபாலில் அனுப்புவோம். சாவியோடு நான் ஒரு முழுப் பக்கக் கடிதம் வைப்பேன். சாவி என்பது பொறுப்பு, பொறுப்பைத் தொலைப்பது எத்தகைய செயல், இனி எங்கே மாட்டி வைக்க வேண்டும் என்றெல்லாம் விவரமாக எழுதுவேன். பாப்பா என்ன எழுதுகிறாள் தெரியுமா? 'உங்கள் சாவி இதோடு வருகிறது. கவலைப்படாதீர்கள், எல்லோருக்கும் நடப்பதுதான்.' முடிந்தது. இதற்கு ஜனங்கள் நன்றி தெரிவித்துப் பதில் போடுகிறார்கள்! ஒரு அம்மாள் பேரப்பிள்ளையின் படத்தையே அனுப்பியிருந்தார். முப்பது வருடத்தில் எனக்கு ஒரு கார்டு வந்ததில்லை. போதாததற்கு, அன்றாட வேலையை மூன்றரை மணிக்கே முடித்துவிட்டு, சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று பழைய பதிவேடுகளையெல்லாம் தெருப் பெயர் வாரியாக அட்டவணை போட்டு வைத்திருக்கிறாள். யார் கேட்டார்கள் அட்டவணையை? நான் கேட்டேனா?

இதன் விளைவைக் கேளுங்கள். இரண்டாவது மாதம் டைப்பிஸ்ட் அம்மாள் ஐந்தரைக்கு எழுந்தார். மூன்றாவது மாதம் அனுப்புகைக் குமாஸ்தா ஐந்தேகாலுக்குக் குடையைத் தேடினார், வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவ்வளவு பெரிய கூடத்தில் நானும் மேனேஜரின் லைட்டும்தான் மிச்சம். பிரிவின் மானத்தை நான் ஒருவனாவது காப்பாற்ற வேண்டாமா? ஏழே காலுக்குக் கிளம்புகிறவன் எட்டு மணி வரை உட்கார்ந்தேன். அவர் லைட்டும் எட்டு வரை எரிந்தது. விடுவேனா? எட்டே கால் வரை உட்கார்ந்தேன். அவரும் விடவில்லை. இந்த வயதில் என்ன வைராக்கியம் என்று அவர்மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் செய்ய எனக்கும் ஒன்றும் இல்லை. தங்கள் அக்கா போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. கதவைத் திறந்தால் காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்தில் இருக்கும்.

நேற்றுத் திங்கட்கிழமை வாட்ச்மேன் என் மேசைக்கு வந்து நின்றார். சாது. இத்தனை வருடத்தில் என்னிடம் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை.

"சார், தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கும் பெரிய சாருக்கும் ஏதாவது பந்தயமா?"

"என்னய்யா பேசுறே?"

"இல்ல சார், கேட்டைப் பூட்டிட்டு நானும் வீட்டுக்குப் போகணும். பெரிய சார் தெனம் சாயங்காலம் என்னையக் கூப்பிட்டு, செக்ஷன்ல உங்க லைட் எரியுதான்னு கேப்பாரு. நான் எரியுது சார்னு சொல்லுவேன். நீங்க டீ குடிக்க வெளிய வரும்போது, மேனேஜர் லைட் எரியுதான்னு கேப்பீங்க. உங்ககிட்டயும் எரியுது சார்னு சொல்லுவேன். அவரு வந்த நாள்லேருந்து இதான் சார் நடக்குது."

"ஏன்யா, இத்தனை வருஷம் இதைச் சொல்லவே இல்ல?"

"நீங்க ரெண்டு பேரும் லைட் எரியுதான்னுதான சார் கேட்டீங்க. ஏன் எரியுதுன்னு ஒருத்தரும் கேக்கலையே."

எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைத் தட்டினேன். உள்ளே மேனேஜர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். மேசை சுத்தமாக இருந்தது, ஒரு காகிதம் இல்லை. நான் வாட்ச்மேன் சொன்னதைச் சொன்னேன். அவர் பென்சிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி சேந்தவர் நீங்க. நீங்க உக்காந்து வேலை பாக்கும்போது நான் எப்படி எழுந்து போறது? நாலு பேர் என்ன நெனைப்பாங்க?" என்றார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "என் பொண்ணு சின்ன வயசுல என்னை ஞாயித்துக்கிழமை அப்பான்னு கூப்பிடுவா" என்றார். பிறகு இருவரும் அவரவர் லைட்டை அணைத்தோம். படியில் யார் முதலில் இறங்குவது என்று மரியாதைக்காக அங்கேயும் ஐந்து நிமிடம் நின்றோம்.

வீட்டுக்கு வந்து, இருபத்தோரு வருடத்தில் இப்படிப் போனது மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கூட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். பாதியில் எழுந்துவிட்டேன்.

ஆனாலும் மச்சான், ஒன்று சொல்கிறேன். அவர் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்றால் என் உழைப்புக்கு அவர் கொடுத்த மரியாதை அது. நாங்கள் உட்கார்ந்ததால்தான் கம்பெனி நின்றது. அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? ஆகையால் தாங்கள் பாப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கண்டிக்க வேண்டும். ஆறு மணி வரையாவது உட்காரச் சொல்லுங்கள். வேலை செய்ய வேண்டாம், உட்கார்ந்தால் போதும். அந்த வெள்ளிக்கிழமைக்குள் அவள் நாலு நாள் உட்கார்ந்தாள் என்றால், மனசாட்சிக்கு விரோதமில்லாமல் நான் படிவத்தை நிரப்பிவிடுவேன். இல்லாவிட்டால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டியிருக்கும். பிறகு அத்தான் கெடுத்துவிட்டார் என்று தங்கையோ தாங்களோ மனத்தாங்கல் கொள்ளக்கூடாது.

தங்கைக்கு என் அன்பைச் சொல்லவும். சின்னவனுக்கு என் ஆசிகள், நன்றாகப் படித்து நல்ல இடத்தில் அமர்ந்து, அமர்ந்த இடத்திலேயே அமர்ந்திருக்கட்டும். வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த ஆரோக்கியத்தோடும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள அத்தான்.

பின்குறிப்பு: மேலே உள்ளதைச் செவ்வாய்க்கிழமை எழுதினேன். தபாலில் போடவில்லை. இன்று வியாழன்.

நேற்றுக் காலை பனியனோடு பேப்பர் எடுக்க வாசலுக்கு வந்தேன். காற்றுக்குக் கதவு சாத்திக்கொண்டது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் எங்கள் கம்பெனிப் பூட்டு, சாவி உள்ளே சட்டைப் பையில். அந்த வீட்டுக்கு இருப்பதே ஒரு சாவிதான். தங்கள் அக்கா இருந்தவரை அது அவளிடம் இருந்தது. நான் எத்தனை மணிக்கு வந்தாலும் அவள் கதவைத் திறப்பாள், அதனால் எனக்குச் சாவியே தேவைப்பட்டதில்லை. இன்னொன்று வாங்கி வரும்படி அவள் பல தரம் கேட்டிருக்கிறாள். பிரிவுத் தலைவன் தன் வீட்டுக்கே சாவி வெட்டிக்கொண்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், வேண்டுமானால் எல்லோரையும் போல முறைப்படி விண்ணப்பம் போடு என்று சொல்லிவிடுவேன். பெருமையாகத்தான் சொல்வேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அது எனக்கு முழங்கால் வரை இருந்தது. பாப்பா என்னைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு விண்ணப்பத்தை எடுத்து வைத்தாள்.

"பூட்டு எண் என்ன மாமா?"

"அந்த அட்டை வீட்டுக்குள்ள இருக்கு."

"உங்க விதிப்படி எண் இல்லாம வாங்க மாட்டோம். வாங்கினாலும் ஏழு நாள் ஆகும்."

"பாப்பா!"

"சரி சரி, இருங்க. தெருப் பேரை வெச்சுத் தேடிப் பாக்குறேன்."

எங்கள் வீட்டில் யாரும் சாவியைத் தொலைத்ததே இல்லை, பதிவேட்டில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் தன் அட்டவணையைப் பார்த்து, பதினொரு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டை எடுத்துப் பிரித்துவிட்டாள். வந்த விண்ணப்பங்களைப் பதிவேட்டிலேயே ஒட்டிவைக்க வேண்டும் என்பது என் உத்தரவு. ஒட்டியிருந்தது. உங்கள் அக்காவின் கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்:

'சாவி தொலையவில்லை. என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் கணவர் எப்போது வருவார் என்று தெரியாததால் நான் வீட்டைவிட்டு நகர முடிவதில்லை. அவரிடம் ஒரு சாவி இருந்தால் நான் சாயங்காலம் பாலம் வரை நடந்துவிட்டு வருவேன்.'

பக்கத்தில் சிவப்பு மையில் 'மறுக்கப்பட்டது'. கீழே என் கையெழுத்து. ஐந்து மணிக்கு மேல் கட்டுக் கட்டாக நான் போட்ட கையெழுத்துகளில் அது ஒன்று, மச்சான். குமாஸ்தா கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டி நீட்டியிருப்பார், நான் ஒரு கண்ணை லைட்டில் வைத்துக்கொண்டு போட்டிருப்பேன். அந்த மறுப்புச் சீட்டில் என்ன அச்சிட்டிருக்கும் என்று எனக்கு மனப்பாடம். நான் எழுதிக் கொடுத்ததுதான். 'எங்கள் பிரிவு தொலைந்த சாவிகளுக்கு மட்டுமே. தங்கள் விண்ணப்பத்தை வருத்தத்துடன் திருப்பி அனுப்புகிறோம். இனியாவது உரிய கவனத்துடன் இருக்கவும்.'

அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பாப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அந்தச் சீட்டை அவளிடம் காட்டினாளாம்.

"அத்தை சிரியோ சிரின்னு சிரிச்சாங்க மாமா. 'பாரு, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்க மாமா எனக்குப் போட்ட ஒரே லெட்டர்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. தெனம் அஞ்சரைக்குப் புடவை மாத்திக்குவாங்க. ரெண்டு ஜோடி செருப்பை வாசல்ல எடுத்து வெப்பாங்க, ஒருவேளை நீங்க சீக்கிரம் வந்துடுவீங்களோன்னு. இருட்டினதும் திரும்ப உள்ள எடுத்து வெச்சிருவாங்க. அதைப் பாத்துட்டு என்னால அஞ்சு மணிக்கு மேல ஒக்கார முடியல மாமா. சும்மா கெடக்கிற கோப்பை அவுத்துக் கட்டிக்கிட்டு எப்படி ஒக்காருறது?"

நான் பதிவேட்டு அறையில் நின்று அழுதேன். பக்கத்து வீட்டுக்காரரின் சட்டைக் கையில்தான் துடைத்துக்கொண்டேன், நல்ல வேளை கை நீளமாக இருந்தது. பாப்பா கதவை மட்டும் சாத்தினாள்.

ஆகையால் நீங்கள் அவளுக்கு எந்தக் கடிதமும் எழுத வேண்டாம். மேலே நான் எழுதியதையெல்லாம் படிக்காதீர்கள், படித்திருந்தால் மறந்துவிடுங்கள். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். ஆனால் அந்த மனிதன் எப்படிப்பட்டவன் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும், உங்கள் அக்கா அவனோடுதான் இருந்தாள். படிவத்தை இன்றே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். ஈடுபாடு: முழுமையானது. திருத்திக்கொள்ள வேண்டியவை: பிரிவுத் தலைவரிடம் நிறைய உண்டு. மேனேஜர் படித்துவிட்டு, 'என்னிடமும்' என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாப்பா நிரந்தரம்.

இன்னொரு காரியமும் செய்தேன். அந்தப் பழைய பதிவேட்டில் 'மறுக்கப்பட்டது' என்பதை அடித்துவிட்டு 'வழங்கப்பட்டது' என்று எழுதி இன்றைய தேதி போட்டேன். பட்டறையில் நேற்றே இரண்டாவது சாவியை வெட்டிக் கொடுத்துவிட்டார்கள், அதைக் கொண்டுதான் வீட்டைத் திறந்தேன், இப்போது இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். விதிப்படி விண்ணப்பித்தவர் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். அவர் இல்லாத நிலையில் உடன்பிறந்தவர் போடலாம். கூட இருக்கும் ரசீதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மச்சான். எப்போது இந்தப் பக்கம் வந்தாலும் திறந்துகொண்டு உள்ளே போய் உட்காருங்கள். ஐந்தரைக்கு மேல் வந்தால் நான் வீட்டில் இருக்க மாட்டேன், பாலம் வரை போயிருப்பேன். வெளிச்சம் போவதற்குள் திரும்பிவிடுவேன்.